எத்தனை கிராம் சூடம்?

போன ஐப்பசியில் எங்கள் தெருவில் ஒரு பேர் வைக்கிற விசேஷம். குழந்தைக்கு நாற்பது நாள்கூட ஆகவில்லை. வந்த பரிசுகளுக்கு நடுவே ஒரு பழைய ஜாம் பாட்டில், கழுத்தில் சணல் நூல் கட்டி, உள்ளே வெளிர்பச்சைக் களிம்போடு உட்கார்ந்திருந்தது. ஒட்டியிருந்த காகிதத்தில் அழகான கையெழுத்து: ‘வீட்டு மூலிகை பாம். சளி, மூக்கடைப்பு, நெஞ்சுக் கட்டு. கெமிக்கல் இல்லை. பக்கவிளைவு இல்லை. பிறந்த குழந்தை முதல் பெரியவர் வரை.’ அதற்குக் கீழே சேர்மானம்: தேங்காய் எண்ணெய், ஓமவல்லி, துளசி, நொச்சி, தேன்மெழுகு, நீலகிரித் தைலம், சூடம்.

செய்து கொண்டுவந்தவள் மூன்றாம் வீட்டு மருமகள். என்னை அத்தை என்பாள். கெட்டிக்காரப் பெண். “சூடம் எத்தனை கிராம்மா போட்டே?” என்று கேட்டேன். சிரித்துவிட்டாள்.

“கெமிக்கலா போடுறோம் அத்தை, அளந்து போட?”

பாயசக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்த வாக்கியம் அவளுடையது மட்டுமில்லை. கைப்பேசியில் ஓடுகிற சமையல் காணொளிகள், கண்காட்சி மைதானத்து ஸ்டால்கள், பிரசவத்துக்கு வந்த மகளுக்குப் பெட்டி கட்டும் அம்மாக்கள் எல்லாரும் அதையே வேறு வேறு வார்த்தைகளில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் இங்கே உட்கார்ந்து பதில் எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. முப்பது வருஷம் அரசு மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நான் சேர்ந்த காலத்தில் சில களிம்புகளை நாங்களே கலந்தோம். பளிங்குப் பலகையில் மெழுகுப் பதமான அடிப்பொருளை வைத்து, தட்டைக் கத்தியால் இழுத்து இழுத்து மருந்துத் தூளைக் குழைக்க வேண்டும். தோள் கழன்றுவிடும். அந்த வேலையில் தப்பு நடக்கிற இடம் குழைக்கிற இடமில்லை, தராசு. நானும் வருஷா வருஷம் ஐப்பசியில் வீட்டில் ஒரு கிண்ணம் தைலக் களிம்பு செய்கிறவள்தான். ஆகவே வீட்டில் செய்வதை எதிர்த்து எழுதுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என் சண்டை அந்தச் சிரிப்போடு.

சூடம் கெமிக்கல்தான். இதில் வாதத்துக்கே இடமில்லை. 10 கரியணு, 16 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன் சேர்ந்த ஒரு பொருள். மரத்திலிருந்து வந்தாலும் ஆலையிலிருந்து வந்தாலும் கணக்கு அதேதான். இதில் இன்னொரு வேடிக்கை: நம் பூஜை அறையில் எரிகிற சூடம் பெரும்பாலும் மரத்திலிருந்து வடிந்ததே இல்லை. பைன் மரப்பிசினை வடித்தால் வரும் டர்பன்டைனில் பைனீன் என்று ஒன்று இருக்கிறது. அதை ஆலையில் படிப்படியாக மாற்றிக் கற்பூரமாக்குகிறார்கள். அது எரிப்பதற்காகச் செய்த சரக்கு. பல பாக்கெட்டுகளில் பூஜைக்கு மட்டும் என்றே அச்சடித்திருக்கும். ‘கெமிக்கல் இல்லாத’ பாமுக்குள் ரசாயன ஆலையின் நேரடி வாரிசைத் தட்டிப் போட்டுவிட்டு, கடை பாமைக் கெமிக்கல் என்று திட்டுகிறோம். ஓமவல்லியில் மணப்பது கார்வக்ரால், ஓமத்தில் தைமால், துளசியில் யூஜெனால். இவை வேலை செய்வதே ரசாயனம் என்பதால்தான். வேலை செய்யாத இலைக்கு மட்டும்தான் பக்கவிளைவு இல்லாமல் இருக்க முடியும்.

சரி, கெமிக்கலாகவே இருக்கட்டும், சாமிக்குக் காட்டுகிற பொருள், அது என்ன செய்துவிடும் என்பார்கள். சூடம் நரம்பு மண்டலத்தைத் தூண்டிவிடும் பொருள். சின்னக் குழந்தையின் வயிற்றுக்குள் போனால் சில நிமிடங்களிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். ஒரு கிராம் அளவுக்குப் போய் நடை பழகும் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும்கூட அது உடம்புக்குள் ஏறும். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் சூடத்தால் வலிப்பு வந்து மருத்துவமனைக்கு வந்த மூன்று குழந்தைகளைப் பற்றி 2009-இல் குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில் மருத்துவர்கள் எழுதினார்கள். விழுங்கியது மட்டும் காரணமில்லை. வீட்டு வைத்தியமாகத் தேய்த்ததும் முகரவைத்ததும் அதில் உண்டு.

அமெரிக்காவில் எண்ணெயில் 20 சதவீதம் சூடம் கரைத்த கற்பூரத் தைலம் ஒரு காலத்தில் எல்லா மருந்துக் கடையிலும் கிடைத்தது. விளக்கெண்ணெய் பாட்டில் என்று நினைத்து அதை எடுத்து ஒரு கரண்டி பிள்ளைக்குப் புகட்டிய தாய்மார்கள் பலர். 1982-இல் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் அந்தத் தைலத்தைத் தடை செய்தது. வெளியில் பூசும் எந்தப் பொருளிலும் சூடம் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும் வரம்பு கட்டியது. அங்கே விற்கும் விக்ஸ் வேப்போரப்பில் சூடம் 4.8 சதவீதம், புதினா உப்பாகிய மென்தால் 2.6, நீலகிரித் தைலமாகிய யூகலிப்டஸ் 1.2. அதையும் இரண்டு வயதுக்குக் கீழே தொடவே கூடாது என்று டப்பாவிலேயே எழுதியிருக்கிறது.

இப்போது மருமகளின் ஜாம் பாட்டிலுக்கு வருவோம். சூட வில்லை கடைக்குக் கடை வேறு எடை. காணொளியில் ‘ஒரு கைப்பிடி’ என்கிறார்கள். இன்னொருவர் ‘சின்ன பாக்கெட் ஒன்று முழுக்க’ என்கிறார். 50 கிராம் எண்ணெயில் 10 கிராம் சூடம் விழுந்தால் கணக்கு என்ன? அறுபதில் பத்து, ஏறக்குறைய 17 சதவீதம். கடையில் வாங்குவதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு நாடு தடை செய்த சரக்குக்குப் பக்கத்தில் போய்விடுகிறோம், அதுவும் சணல் நூல் கட்டி, நாற்பது நாள் பிள்ளைக்குப் பரிசாக. கடை டப்பாவுக்கும் நம் பாட்டிலுக்கும் உள்ள வித்தியாசம் கெமிக்கல் இல்லை. அங்கே எடை போட்டிருக்கிறார்கள், வயது போட்டிருக்கிறார்கள். அந்த இரண்டைத்தான் நாம் கழற்றி எறிந்திருக்கிறோம்.

இந்த இடத்தில் மரபு என்ற வார்த்தை வந்து நிற்கும். ஆயிரம் வருஷத்துப் பாட்டி வைத்தியத்தை முப்பது வருஷ மருந்துக்கடைக்காரி குறை சொல்லலாமா?

பாட்டிலில் இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து வயது பார்க்கலாம். நீலகிரித் தைலம் என்று பெயர் வைத்திருப்பதால் அது நம் மலையில் முளைத்த மரம் என்று நினைக்கிறோம். அது ஆஸ்திரேலியாக்காரன். நீலகிரியில் நட ஆரம்பித்ததே 1843 வாக்கில்; ஆங்கிலேயர்கள் விறகுக்காக வளர்த்தார்கள், பிறகு இலையைக் காய்ச்சி வடித்தார்கள். சிலர் சேர்க்கும் புதினா உப்பு எடுக்கிற புதினா ஜப்பானிலிருந்து 1950களில் வடநாட்டு வயல்களுக்கு வந்த பயிர். வெள்ளைப் பசையாக வாஸ்லினைச் சேர்ப்பவர்களும் உண்டு. அது பெட்ரோலியக் கசடு, 1872-இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய பொருள். சூடத்தின் பிறப்பைத்தான் மேலே சொன்னேன். நெஞ்சிலும் முதுகிலும் தேய்த்துப் போர்த்திப் படுக்கவைக்கும் அந்தச் சடங்கைக்கூட இந்த வடிவத்தில் நாம் கற்றுக்கொண்டது கம்பெனிகளிடமிருந்து. வட கரோலினாவில் லன்ஸ்ஃபர்ட் ரிச்சர்ட்சன் என்ற மருந்துக்கடைக்காரர் கலந்த களிம்புதான் பிறகு விக்ஸ் ஆனது. இங்கே 1893-இல் பம்பாயில் நாகேஸ்வர ராவ் பந்துலு தொடங்கிய அமிர்தாஞ்சன் 1914-இல் சென்னைக்கு வந்தது. அந்த மஞ்சள் குப்பியும் நீல டப்பாவும் நம் மூக்குக்குப் பழக்கிய வாசனையைத்தான் இப்போது அடுப்படியில் நகல் எடுக்கிறோம். எடுத்துவிட்டுக் கம்பெனிக்கு எதிரான புரட்சி என்கிறோம்.

உண்மையிலேயே பழையது வேறு. நொச்சித் தழை போட்ட ஆவி, ஓமத்தைத் துணியில் முடிந்த கிழி, நெற்றியில் சுக்குப் பற்று, வெற்றிலையில் எண்ணெய் தடவி விளக்கில் வாட்டி, தன் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்து, அப்புறம் பிள்ளை நெஞ்சில் வைப்பது. சித்த மருத்துவம் புறமருந்துகளை 32 வகையாகப் பிரித்திருக்கிறது. பற்று, வேது, ஒற்றடம், பொட்டணம் என்று ஒவ்வொன்றுக்கும் தனி முறை. களிம்பும் அதில் ஒன்று. பிள்ளை நோய்களுக்கென்றே பாலவாகடம் என்று தனி நூல்வகை இருக்கிறது. பச்சைப் பிள்ளை வேறு, வளர்ந்தவர் வேறு என்று தெரியாத மரபு அப்படித் தனியாக எழுதி வைத்திருக்காது. ‘பிறந்த குழந்தை முதல் பெரியவர் வரை’ என்ற வரி எந்த ஏட்டிலிருந்தும் வந்ததில்லை. அது சோப்பு விளம்பரத்தின் மொழி.

பாட்டிகளையும் முழுக்க விட்டுவிட மாட்டேன். என் அப்பத்தா எண்ணெய்க் குளியல் அன்று கைப்பிள்ளையை மடியில் போட்டு மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுவாள். நான் பார்த்திருக்கிறேன். அந்த எண்ணெய் மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரலில் தங்கினால் ஒரு வகை நிமோனியா வரும். கிருமி கொல்லும் மருந்துக்கு அது மசியாது. அவளும் தேங்காய் எண்ணெயில் சூடம் போட்டுக் காய்ச்சினாள்தான். “எங்க பாட்டி தேய்ச்சாங்க, நாங்க நல்லாத்தானே இருக்கோம்” என்று சொல்வதற்கு நல்லாயிருப்பவர்கள்தானே மிஞ்சுகிறார்கள்? அந்தக் காலத்தில் சளியும் காய்ச்சலுமாகக் கிடந்த பிள்ளைக்கு வெட்டி வெட்டி இழுத்தால் அதற்குப் பெயர் ஜன்னி. ஜன்னி என்று ஆன பிறகு நெஞ்சில் தேய்த்த எண்ணெயை யார் சந்தேகப்பட்டிருப்பார்கள்? பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் ஊரெங்கும் இருந்த காலம் அது. எது எதனால் என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் வழி இல்லை.

அடுத்த வாக்கு: சளியைக் கரைத்து வெளியே இழுக்கும். இதை நம்புவதற்கு நல்ல காரணம் இருக்கிறது, ஏனென்றால் தேய்த்த மறுநிமிடம் மூக்கு திறந்தது போலவே இருக்கும். ‘போலவே’ என்பதுதான் அதில் உள்ள சூட்சுமம். மூக்கடைப்பில் பெரும்பங்கு சளியே இல்லை. மூக்கின் உள்சவ்வில் ரத்தம் தேங்கி வீங்கிக்கொள்வதுதான். மென்தாலும் ஓரளவுக்கு யூகலிப்டஸும் அந்த வீக்கத்தைத் தொடுவதில்லை. குளிர்ச்சியை உணரும் நரம்பு முனையைப் போய்த் தட்டுகின்றன. மூளை குளிர்ந்த காற்று தாராளமாகப் போகிறது என்று எடுத்துக்கொள்கிறது. காற்று போகும் வழியை அளந்து பார்த்தால் முன்பு இருந்த அகலமே இருக்கும். அந்தக் குளிர் உணர்வியை மென்தாலை வைத்தே 2002-இல் கண்டுபிடித்தவர்களில் டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் படபூட்டியனும் உண்டு. இருவருக்கும் சூடும் தொடுகையும் பற்றிய ஆய்வுகளுக்காக 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் வீட்டு அமிர்தாஞ்சன் குப்பிக்குள் ஒரு நோபல் சமாச்சாரம் இருந்திருக்கிறது, தலைவலிக்குத் தேய்த்தபோது நமக்குத் தெரியவில்லை.

அதனால் பிரயோஜனமே இல்லை என்று சொல்கிற டாக்டர்களோடும் நான் ஒத்துப்போகவில்லை. 2010-இல் பென்சில்வேனியாவில் இரண்டு வயதுக்கு மேற்பட்ட 138 பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சிலருக்கு விக்ஸ், சிலருக்கு வெறும் வாஸ்லின், சிலருக்கு ஒன்றும் இல்லை. எதைத் தேய்க்கிறோம் என்று வாசனையால் தெரிந்துவிடக் கூடாதே என்று பெற்றோர் மூக்கடியிலேயே கொஞ்சம் விக்ஸைத் தடவிவிட்டார்கள். நல்ல தந்திரம். விக்ஸ் தேய்த்த பிள்ளைகள் ராத்திரி இருமல் குறைந்து நன்றாகத் தூங்கினார்கள், பெற்றோரும் தூங்கினார்கள். தோல் எரிச்சலும் அவர்களுக்குத்தான் அதிகம். ஆக, தைலம் தூக்கம் தரும். சளி பிடித்த ராத்திரியில் அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் தூங்கவைப்பதும் சளியைக் கரைப்பதும் ஒன்றாகாது.

கரைப்பதற்கு எதிராகவும் சான்று உண்டு. பதினெட்டு மாதப் பெண் குழந்தை ஒன்று, மூக்குக்கு நேர் கீழே தைலத்தைத் தடவியதும், மூச்சு முட்டிப்போய் மருத்துவமனைக்கு வந்தது. ஏன் என்று பார்க்க ஃபெரட் என்ற சிறுவிலங்கின் மூச்சுக்குழலில் சோதித்தார்கள். அந்தப் பொருள் சளிச் சுரப்பைக் கூட்டியது, சளியை வெளியே தள்ளும் நுண்மயிர்களின் ஓட்டத்தை மந்தமாக்கியது. 2009-இல் வெளியான ஆய்வு. பெரியவர் மூச்சுக்குழல் அகலமானது, ஒரு சுற்று வீங்கினாலும் தாங்கும். கைப்பிள்ளைக்கு அது மெல்லிய குழாய். அதற்கு மேல் மூக்கால் மட்டுமே மூச்சு விடப் பழகிய வயது.

இலைகளைப் பற்றிக் கொஞ்சம். பச்சை ஓமவல்லியைக் கசக்கினால் தண்ணீராகக் கொட்டும். அதை எண்ணெயில் இரண்டு கொதி விட்டு வடிகட்டினால் அந்த ஈரம் களிம்புக்குள் தங்கிவிடும். மூன்று வாரத்தில் மூடிக்கடியில் பூஞ்சை பூக்கும். பச்சை நிறம் அழகாக இருக்கிறதே என்று பாதியில் இறக்குகிறார்கள், அதுதான் காரணம். தைலம் காய்ச்சத் தெரிந்தவர்கள் பதம் பார்ப்பார்கள். அடியில் இருக்கும் வண்டலை விரலில் உருட்டினால் மெழுகாக வருகிறதா, மணலாக உதிர்கிறதா என்று ஒரு சோதனை. வண்டலைத் திரியில் தோய்த்துக் கொளுத்தினால் படபடவென்று வெடிக்காமல் எரிகிறதா என்று இன்னொன்று. வெடித்தால் தண்ணீர் இருக்கிறது. காணொளிக்கு அவ்வளவு பொறுமை இல்லை. அப்புறம் ஒரு முக்கியமான விஷயம்: சிலர் அடுப்பு எரியும்போதே சூடத்தை எண்ணெயில் போடுகிறார்கள். சூடத்தின் ஆவி தீயைக் கண்டால் பற்றும், அதனால்தானே தட்டில் வைத்துக் காட்டுகிறோம். பற்றாவிட்டாலும், அடுப்படி முழுக்கக் கமகமவென்று மணக்கிறதே, அது களிம்பில் இருக்க வேண்டியது.

இவை எல்லாவற்றையும் விட எனக்குப் பயம் தருவது வேறொன்று. ‘தைலம் தேய்ச்சிருக்கு, காலையில பாக்கலாம்.’ மருந்தக ஜன்னலில் நின்றபடி இந்த வாக்கியத்தின் பின்விளைவை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். விடியற்காலை நான்கு மணிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் பிள்ளையின் நெஞ்சு தைல வாசம் வீசும், விலா உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். சாதாரணச் சளி எதைத் தேய்த்தாலும் தேய்க்காவிட்டாலும் ஒரு வாரம் பத்து நாளில் போய்விடும். அதனால்தான் எல்லாத் தைலமும் ‘கேட்கிறது’. போகாத சளியை அடையாளம் காண வாசனை உதவாது, கடிகாரம் உதவும். பிள்ளை அழாமல் அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் வயிறு ஏறி இறங்குவதை எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குக் கீழே 60, ஒரு வயதுக்குள் 50, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40. அந்த எண்ணைத் தொட்டாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவுக்கடியில் குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டியதுதான். இந்த மூன்று எண்ணையும் அந்த ஜாம் பாட்டில் காகிதத்தில் எழுதியிருந்தால் நானே இன்னொரு பாட்டில் கேட்டு வாங்கியிருப்பேன்.

நான் செய்வதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பேச்சு மட்டும்தான் என்பீர்கள். 100 கிராம் களிம்புக்குத் தேங்காய் எண்ணெய் 79 கிராம், தேன்மெழுகு 16, சூடம் 4, நீலகிரித் தைலம் 1. நகைக்கடைத் தராசு வேண்டாம், ஒரு கிராம் துல்லியமாகக் காட்டும் சமையல் தராசு போதும். சூடம் பூஜைக் கடையில் வாங்குவதில்லை. மருந்துத் தரத்தில் கிடைப்பது. தேங்காய் எண்ணெய் மார்கழிக் காலையில் மட்டும்தான் உறையும், மதுரை மத்தியானத்தில் ஓடிவிடும். தேன்மெழுகு உருக 60 டிகிரிக்கு மேல் வேண்டும், அதனால் அதுதான் களிம்புக்கு எலும்பு. இரண்டையும் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணம் வைத்து உருக்கி, இறக்கி, அடுப்பை அணைத்து, விரல் பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகுதான் சூடமும் தைலமும். கலக்கி உடனே மூட வேண்டும். இலை எதுவும் சேர்ப்பதில்லை. ஓமவல்லியை பஜ்ஜி போட்டுச் சாப்பிட்டுக்கொள்கிறேன்.

டப்பாவில் பால்பாயின்ட் பேனாவால் தேதி எழுதுகிறேன், நான்கு எடையையும் எழுதுகிறேன், ‘பெரியவர்களுக்கு மட்டும், மூக்குக்குள் கூடாது, புண்மேல் கூடாது, வலிப்பு உள்ளவர்கள் தொடக் கூடாது’ என்றும் எழுதுகிறேன். காகிதத்தில் இடம் போதவில்லை என்றால் டப்பா சின்னது என்று அர்த்தம். வைக்கிற இடம் பீரோவின் மேல்தட்டு. ஊறுகாய் பாட்டில், ஜாம் பாட்டில் பக்கத்தில் இல்லை.

பேத்திக்கு எட்டு மாதம். மூக்கடைத்தால் மருந்துக்கடை உப்புநீர்ச் சொட்டு இரண்டு, தலையைக் கொஞ்சம் உயர்த்தித் தோளில் போட்டுக்கொள்வது, அடிக்கடி பால். நெஞ்சில் ஒன்றும் தேய்ப்பதில்லை. தைலம் எனக்குத்தான். ராத்திரி தொண்டைக் குழியில் தடவிக்கொள்வேன், அப்புறம் அவள் அழுகிற சத்தம் கேட்கும். எழுந்து போய்க் குழாயைத் திறந்து, இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கையை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தூக்குகிறேன்.